ஸ்லோவில் நிற்காத எஞ்சின்

குளச்சல் கரையானாலும் பருத்தித்துறைக் கரையானாலும், அவுட்போர்ட் எஞ்சின் மெக்கானிக்கிடம் வந்து சேரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டில் அடங்கிவிடும். "ஸ்லோவுல நிக்கல" என்பது ஒன்று. "இழுவை இல்ல" என்பது மற்றொன்று. வலை வாங்கும் நேரத்தில் எஞ்சின் அணையாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது அது அடிக்கடி நின்றுபோனால், ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தே கை ஓய்ந்துவிடும். மீனோடு திரும்பும்போது முழு வேகம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஏலத்துக்கு நேரத்தோடு வந்து சேர முடியாது. இரண்டுக்கும் ஒரே வைத்தியமாகப் பிளக்கை மாற்றிக் கார்புரேட்டரைக் கழுவிப் பார்ப்பது வழக்கம். சில வேளை அது பலிக்கும். ஆனால் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் குறைந்த வேகத்தில் உயிர் வாழும் விதமும் முழு வேகத்தில் ஓடும் விதமும் இயற்பியலின்படி வேறுவேறு. எந்த வேகத்தில் கோளாறு தலைகாட்டுகிறது என்பதே முதல் தடயம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் ஸ்பானரைத் தொடும் முன்பே பல காரணங்களை விலக்கிவிடலாம்.

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் கேம் தண்டு ஒன்று வால்வுகளைத் திறந்து மூடும். இங்கே அது கிடையாது. பிஸ்டனின் அடிப்பக்கமே பம்பு. பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே கிராங்க் அறையில் அழுத்தம் குறைகிறது. ரீடு எனப்படும் மெல்லிய தகடுகள் தாமாகத் திறந்து, கார்புரேட்டரிலிருந்து காற்றும் எரிபொருளும் ஆயிலும் கலந்த கலவையை உள்ளே விடுகின்றன. பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவை அமுக்கப்பட்டு, சிலிண்டர் சுவரில் உள்ள வழிகள் மூலம் மேலே போய், எரிந்து முடிந்த புகையைத் தள்ளிக்கொண்டு சிலிண்டரை நிரப்புகிறது. இப்படிக் கிராங்க் அறையையே பம்பாக்கும் உத்திக்கு இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே 1891இல் காப்புரிமை பெற்றார். ஓலே எவின்ரூட் 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் விற்கத் தொடங்கிய ஒன்றரைக் குதிரைத்திறன் படகு எஞ்சினும் டூ-ஸ்ட்ரோக்தான்.

இந்தப் பம்பு மிகவும் பலவீனமானது. கிராங்க் அறையில் கலவை அமுக்கப்படுவது 1.3 முதல் 1.5 மடங்கு வரைதான். அந்தச் சிறிய அழுத்தத்தை நம்பியே புதுக் கலவை மேலே ஏற வேண்டும், பழைய புகை வெளியேற வேண்டும். நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 12 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். ஆனாலும் அந்த வேகத்தில் த்ராட்டில் முழுதாகத் திறந்திருப்பதால் கலவை தாராளமாக வருகிறது, சிலிண்டர் ஒழுங்காக நிரம்புகிறது, ஒவ்வொரு சுற்றிலும் தீப்பிடிக்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும்போது நிலைமை தலைகீழ். த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கிறது. உள்ளே வரும் கலவை கொஞ்சம்தான். சிலிண்டரில் பெரும்பகுதி பழைய புகையாகவே தங்கிவிடுகிறது. பொறி விழுந்தாலும் புகைக்கு நடுவே தீ பரவுவதில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று வீணாகப் போகும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் புதுக் கலவை சேர்ந்து, மூன்றாவது நான்காவது சுற்றில்தான் பற்றும். ஸ்லோவில் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒழுங்கற்ற தாளத்தில் அடிப்பதற்குக் காரணம் இதுதான். ஓரளவு தடுமாற்றம் அதன் பிறவிக் குணம். அதைப் பழுது என்று நினைத்து ஒழிக்கப் பார்ப்பவர்கள் நல்ல எஞ்சினையும் கெடுத்துவிடுகிறார்கள்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. ஸ்லோவில் எஞ்சினுக்குள் போகும் காற்றே கொஞ்சம் என்பதால், எங்காவது ஒரு இடுக்கு வழியாகப் புகும் சிறு காற்றுக்கூட கலவையின் விகிதத்தைக் குலைத்துவிடும். முழு வேகத்தில் அதே இடுக்கு இருந்தாலும், பாயும் மொத்தக் காற்றோடு ஒப்பிட அது பொருட்டே இல்லை. ஸ்லோவில் திணறி, வேகத்தில் நன்றாக ஓடும் எஞ்சினில் தேட வேண்டியவை சிறு துளைகளும் சிறு கசிவுகளும். ஸ்லோவில் நன்றாக நின்று, வேகத்தில் சோரும் எஞ்சினில் தேட வேண்டியது அளவு பற்றாக்குறை: எரிபொருளோ பொறியோ தேவையான அளவுக்கு வந்து சேரவில்லை என்று பொருள்.

முதலில் ஸ்லோவை எடுத்துக்கொள்வோம். கார்புரேட்டருக்குள் எரிபொருளுக்கு இரண்டு தனிப் பாதைகள் உண்டு. வேகமாக ஓடும்போது அதன் குறுகலான தொண்டை வழியே காற்று விரைந்து பாய்கிறது. அங்கே அழுத்தம் தாழ்ந்து, மெயின் ஜெட்டிலிருந்து எரிபொருள் உறிஞ்சப்படுகிறது. த்ராட்டில் தகடு மூடியிருக்கும்போது தொண்டையில் உறிஞ்சும் விசையே இல்லை. அப்போது வேலை செய்வது, தகட்டின் விளிம்பை அடுத்து எஞ்சின் பக்கமாக இருக்கும் ஒரு நுண்துளை மட்டும். அதற்கு எரிபொருள் அனுப்பும் ஸ்லோ ஜெட்டின் துவாரம் சிறிய எஞ்சின்களில் அரை மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். எஞ்சினைச் சில வாரம் ஓட்டாமல் வைத்தால், மிதவைக் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, ஆயிலும் பிசினும் சேர்ந்த பசை மிஞ்சும். அது முதலில் அடைப்பது இந்தத் துளையைத்தான். சோக்கை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும், த்ராட்டிலைக் கொடுத்தால் ஓடும், விட்டதும் அணையும், கடலில் முழு வேகத்தில் ஒரு குறையும் இருக்காது. இந்த வரிசை அப்படியே அமைந்தால் வேறெதையும் தொடாமல் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். கம்பியால் குத்துவது மட்டும் கூடாது. பித்தளை மென்மையானது; துளை சற்றுப் பெரிதானால் எஞ்சின் பிறகு என்றைக்கும் எரிபொருள் மிகுந்த, கொழுத்த கலவையில்தான் ஓடும். கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதுவதே முறை. த்ராட்டிலைத் திறக்கும் அந்த முதல் கணத்தில் மட்டும் எஞ்சின் விக்கினால், ஸ்லோ துளைக்கு அடுத்து வரிசையாக இருக்கும் இடைநிலைத் துளைகள் அடைத்திருக்கலாம். அவற்றையும் ஊத வேண்டும்.

கலவைத் திருகைச் சரிசெய்வது தனிக் கலை. கரையில், தண்ணீர் டிரம்மில், நியூட்ரலில் வைத்துச் சரிசெய்த ஸ்லோ கடலில் நிற்காது. புகை நீருக்கடியில் வெளியேறும்போது ஏற்படும் எதிரழுத்தமும், கியரில் புரொப்பல்லர் தரும் சுமையும் கணக்கில் வர வேண்டும். எஞ்சின் சூடான பிறகு, படகைக் கட்டிவைத்து, கியரில் போட்டுச் சரிசெய்ய வேண்டும். கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிய வைத்தால் ஒரு கட்டத்தில் எஞ்சின் கார்புரேட்டர் வழியாகத் தும்மும். கொழுக்க வைத்துக்கொண்டே போனால் தாளம் கனத்து, புகைந்து, மூச்சு முட்டும். இரண்டுக்கும் நடுவே, கொழுத்த பக்கம் சற்றே சாய்ந்தாற்போல் நிறுத்த வேண்டும். பல மாடல்களில் திருகை வெளியே எடுத்தால் எரிபொருள் கூடும். சிலவற்றில் திருகு காற்றைக் கட்டுப்படுத்துவதால் திசை மாறும். அந்தந்த எஞ்சினின் கையேட்டைப் பார்த்துவிட்டே தொட வேண்டும். இதைச் செய்யாமல், வேகத் திருகை ஏற்றி எஞ்சினை உயிரோடு வைத்திருப்பது பரவலான குறுக்கு வழி. அப்படி ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு முறை கியர் போடும்போதும் அடி விழும். கியரின் பற்கள் தேய்ந்து, பிறகு கியர் தானே நழுவும். ஒரு ஜெட்டைக் கழுவாமல் விட்டதற்குக் கியர்பாக்ஸ் விலை கொடுக்கிறது.

ஜெட் சுத்தமாக இருந்தும் ஸ்லோ நிற்கவில்லை என்றால் கசிவைத் தேட வேண்டும். சோக்கைப் பாதி இழுத்தால் எஞ்சின் தெளிகிறதா? தெளிந்தால் கலவை மெலிந்திருக்கிறது, எங்கோ காற்று புகுகிறது. கார்புரேட்டரின் கேஸ்கெட், ரீடு தகடுகளின் பெட்டி, கிராங்க் தண்டின் மேல் கீழ் சீல்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ரீடு தகட்டின் முனை சிறிது உடைந்திருந்தாலும், இருக்கையிலிருந்து வளைந்து நின்றாலும், அமுக்கப்பட வேண்டிய கலவை கார்புரேட்டர் வழியே திரும்பி வெளியே துப்பப்படும். வேகத்தில் கலவை திரும்பி ஓட நேரம் கிடைக்காததால் குறை மறைந்துவிடும். கார்புரேட்டர் வாயில் விரலை வைத்தால் ஈரம் தெறிக்கிறது என்றால் சந்தேகம் ரீடு மேல்தான்.

இனி நம் கரைகளுக்கே உரிய பகுதி. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இலங்கையின் வடக்கிலும் ஓடும் அவுட்போர்ட் எஞ்சின்களில் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. விலைதான் காரணம். அந்த விலை எப்போதும் கைகொடுக்கவில்லை: இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது. வேதியியலோ எந்த நாளும் இந்த எஞ்சினுக்கு எதிராகவே நிற்கிறது. பெட்ரோல் பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழே இருந்தாலும் தீப்பற்றுமளவு ஆவியைக் கொடுக்கும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 டிகிரிக்கு மேல்தான் அந்த அளவு ஆவியைத் தரும். கொதிக்கத் தொடங்கவே ஏறத்தாழ 150 டிகிரியை எட்ட வேண்டும். அதனால்தான் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகக் குறைவு. அமுக்கும்போதே தானாக வெடித்துத் தட்டும். ஆகவே இந்த மாடல்களை உற்பத்தியாளர்கள் குறைந்த கம்ப்ரஷனில் செய்கிறார்கள். பெட்ரோல் எஞ்சினின் கம்ப்ரஷன் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மண்ணெண்ணெய் எஞ்சினை அளந்து, ரிங் போய்விட்டது என்று பிரித்துப் போடுவது வீண் செலவு.

மண்ணெண்ணெயில் நீண்ட நேரம் ஸ்லோவில் விட்டால் என்ன நடக்கும்? ஸ்லோவில் எஞ்சின் அதிகச் சூடு உண்டாக்குவதில்லை. சூடு குறைந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளிகளாகவே கிராங்க் அறையில் தேங்குகிறது. அங்கிருக்கும் பேரிங்குகளின் மேல் படிந்த ஆயிலைக் கழுவுகிறது. தேங்கியது அவ்வப்போது மொத்தமாக மேலே ஏறி, பிளக்கை நனைக்கிறது. வலை வாங்கி முடித்து த்ராட்டிலைத் திறந்ததும் எஞ்சின் விக்கிப் புகையைக் கக்குவது இதனால்தான். இதில் கார்புரேட்டரின் குற்றம் எதுவும் இல்லை. நீண்ட நேரம் மெதுவாக ஓட்ட வேண்டியிருந்தால் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. கரை சேரும் முன் சில நிமிடம் பெட்ரோலில் ஓட்டி, பம்பிலும் மிதவைக் கிண்ணத்திலும் மிஞ்சிய மண்ணெண்ணெயைத் தீர்த்துவிட்டே அணைக்க வேண்டும். அப்படிச் செய்யாதவர் மறுநாள் விடியலில் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெயை வைத்துக்கொண்டு கயிறு இழுப்பார்.

இதோடு சேர்ந்தது தெர்மோஸ்டாட். சூடு பிடிக்குமோ என்ற பயத்தில் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் கடல்நீர் எஞ்சினை எப்போதும் குளிர்ச்சியாகவே வைத்திருக்கும். மண்ணெண்ணெய்க்கு அதைவிடத் தீங்கு வேறில்லை. பழுதானால் புதிது போட வேண்டும், எடுத்துவிடக் கூடாது.

ஆயிலும் அப்படித்தான். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. கூடுதலாக ஊற்றினால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கூடும் ஆயில் பிளக்கில் கரியாகப் படிவதோடு, ஜெட் வழியே போகும் திரவத்தில் எரிபொருளின் பங்கைக் குறைத்து, கலவையைச் சற்று மெலியவும் வைக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கான 2டி ஆயில், காற்றால் குளிரும் சூடான எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. அதில் சாம்பல் மிஞ்சும் சேர்மங்கள் உண்டு. நீரால் குளிரும் படகு எஞ்சினுக்கு டி.சி.-டபிள்யூ3 என்று குறிக்கப்பட்ட, சாம்பல் விடாத ஆயில்தான் வேண்டும்.

இழுவைக் குறைவுக்கு வருவோம். முதல் கேள்வி: எஞ்சின் சத்தம் ஏறியும் படகு போகவில்லையா, சத்தமே ஏறவில்லையா? சத்தம் ஏறிப் படகு நகராவிட்டால் எஞ்சினை விட்டுவிட்டு, புரொப்பல்லரின் நடுவே உள்ள ரப்பர் பிடி வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். சத்தமே ஏறாவிட்டால், புரொப்பல்லரில் கயிறோ பாசியோ சுற்றவில்லை, படகின் அடியில் சிப்பி ஒட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு எஞ்சினுக்குள் போகலாம்.

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒன்று செத்துப்போனால் படகு பாதி வேகத்துக்கும் கீழே இறங்கிவிடும். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு பிளக்கின் மின்சாரத்தையும் காப்பிட்ட கருவியால் மாறி மாறி எர்த்துக்குத் திருப்பினால், உயிருள்ள சிலிண்டரில் வேகம் சட்டென விழும். செத்ததில் மாற்றமே இருக்காது. வயரைப் பிடுங்கி அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது. போக வழியில்லாத உயர் மின்னழுத்தம், பொறிக்கு மின்சாரம் தரும் சி.டி.ஐ. பெட்டியையும் காயிலையும் துளைத்துவிடும். செத்த சிலிண்டரில் பொறி இருக்கிறதா என்று பார்க்கும்போது பிளக்கைத் தொட்டு மின்னுவதை நம்பவும் கூடாது. திறந்த காற்றில் சிறு இடைவெளியைத் தாண்டும் பொறி, அமுக்கப்பட்ட கலவைக்குள் தாண்டாமல் போகலாம். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளியைப் பளிச்சென்று தாண்டினால்தான் நல்ல பொறி.

இரு சிலிண்டரும் உயிரோடிருந்து, சில நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு சோர்ந்தால், அந்த நேரத்திலேயே டாங்கிக் குழாயில் உள்ள ரப்பர் கைப்பம்பை அமுக்கிப் பார்க்க வேண்டும். இவ்வளவு மலிவான, இவ்வளவு தெளிவான சோதனை இந்தத் தொழிலில் வேறில்லை. அமுக்கியதும் எஞ்சின் உயிர்பெற்றால் எரிபொருள் போதவில்லை என்பது உறுதி. கைப்பம்பு உள்ளிழுத்துத் தட்டையாகக் கிடந்தால், அடைப்பு டாங்கிப் பக்கம்: மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்திருக்கலாம், உறிஞ்சு குழாயின் வலை அடைத்திருக்கலாம். எத்தனை அமுக்கினாலும் கெட்டிப்படாமல் தொளதொளவென இருந்தால் குழாயில் எங்கோ காற்று புகுகிறது. ஓட்டை விழுந்த குழாயில் இளநீர் உறிஞ்சுவது போலத்தான். கெட்டியாக இருந்தும் எஞ்சின் சோர்ந்தால் பார்க்க வேண்டியது எஞ்சினில் உள்ள பம்பு, அதன் வடிகட்டி, கார்புரேட்டர் ஆகியவை.

அந்தப் பம்புக்கு மோட்டார் கிடையாது. கிராங்க் அறையின் அழுத்தம் ஏறி இறங்கும் துடிப்பே ஒரு ரப்பர் சவ்வை அசைத்து எரிபொருளை இழுக்கிறது. சவ்வு கிழிந்தால் ஒரே பழுது இரண்டு முகம் காட்டும். வேகத்தில் பம்பு போதாமல் எஞ்சின் பட்டினி கிடக்கும். ஸ்லோவில் கிழிசல் வழியே எரிபொருள் நேராகக் கிராங்க் அறைக்குள் இறங்கி, பம்புக்குத் துடிப்பைத் தரும் சிலிண்டரின் பிளக் மட்டும் நனையும். இரண்டு புகாரும் ஒன்றாக வந்து, ஒரு பிளக் ஈரமாகவும் மற்றது காய்ந்தும் இருந்தால் முதலில் கழற்ற வேண்டியது பம்பைத்தான்.

சவ்வுகளும் குழாய்களும் இப்போது முன்பைவிடச் சீக்கிரம் கெடுவதற்கு எத்தனால் ஒரு காரணம். இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், இளகும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கலவை மெலிகிறது. கடற்கரைக்கு இன்னும் பெரிய அபாயம் ஈரம். எத்தனால் நீரை இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். உறிஞ்சு குழாய் இருப்பதோ அடியில். எஞ்சின் ஆயில் இல்லாத எத்தனால் நீரைக் குடிக்கும். உள்ளே இருப்பது தெரியும் டப்பாவில் கொஞ்சம் ஊற்றி வைத்துப் பார்த்தால் இரண்டு அடுக்கு கண்ணுக்குத் தெரியும்.

மின்சாரப் பக்கம், சூடானதும் வேலையை நிறுத்திக் குளிர்ந்ததும் பிழைக்கும் காயில்கள் ஆளை ஏமாற்றும். கொட்டகையில் அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். சோர்ந்த அந்த நேரத்தில் கடலிலேயே பொறியைப் பார்ப்பதுதான் வழி. பல எஞ்சின்களில் த்ராட்டிலைத் திறக்கும்போது ஒரு இணைப்புக் கம்பி ஸ்டேட்டர் தட்டையும் திருப்பி, பொறி விழும் நேரத்தை முன்னே கொண்டுவரும். உப்பு படிந்து அந்தத் தட்டு இறுகிவிட்டால், கார்புரேட்டர் முழுதாகத் திறந்தும் பொறி ஸ்லோவுக்குரிய நேரத்திலேயே விழும். இழுவை இருக்காது. கையால் அசைத்துப் பார்த்தாலே தெரியும் இந்தப் பழுதுக்கு, காயில் காயிலாக மாற்றிப் பணத்தைக் கரைத்தவர்கள் நிறைய.

கம்ப்ரஷனை எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, வயர்களை எர்த் செய்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்துவைத்து அளக்க வேண்டும். எண்ணின் உயரத்தைவிட, இரு சிலிண்டருக்கும் இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். அது 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கும், அல்லது ரிங் கரியில் ஒட்டியிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது, த்ராட்டிலைத் தொடாமலே எஞ்சின் தானாக மெல்ல இறுகி வேகம் குறைந்தால், மேலே சொன்ன சோதனை எதையும் அப்போது செய்யக் கூடாது. உடனே த்ராட்டிலை இறக்கி, தண்ணீர் துப்பும் துளையைப் பார்க்க வேண்டும். மெலிந்த கலவையிலோ குளிர்நீர் குறைந்தோ சூடான அலுமினியப் பிஸ்டன், இரும்புச் சிலிண்டரைவிட அதிகமாக விரிந்து உரசத் தொடங்கியிருக்கிறது. கலவை மெலியும்போது சிறிது நேரம் எஞ்சின் வழக்கத்தைவிடக் கூர்மையாக, வேகமாக ஓடுவதுபோல் தோன்றும். அதில் மகிழ்ந்து த்ராட்டிலைப் பிடித்துக்கொண்டே போனவர்களின் எஞ்சின்கள்தான் ஜாம் ஆகின்றன.

எந்தப் பழுதைச் சரிசெய்தாலும் உறுதிப்படுத்தும் சோதனை ஒன்றே. புதுப் பிளக்குகள் போட்டு, வழக்கமான சுமையோடு, முழு வேகத்தில் சில நிமிடம் ஓட்டி, த்ராட்டிலை இறக்காமல் ஸ்டாப் பொத்தானால் எஞ்சினை நிறுத்திப் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஸ்லோவுக்கு இறக்கிவிட்டு நிறுத்தினால் பிளக் ஸ்லோவின் நிறத்தைத்தான் காட்டும். மங்கிய பழுப்பு சரி. நனைந்த கறுப்பு என்றால் கலவை கொழுத்திருக்கிறது, அல்லது பொறி பலவீனம். வெளுத்து உலர்ந்திருந்தால் மெலிவு. மெயின் ஜெட்டையும் எரிபொருள் வரத்தையும் மீண்டும் பார்க்க வேண்டும். வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியம் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. அந்த எஞ்சினில் கரை திரும்ப வேண்டுமானால் கால் த்ராட்டிலுக்கு மேல் கொடுக்கக் கூடாது.